தகராறை அனுப்ப அரசு மறுத்தால்: வேலூர் வட்டாரத் தொழிலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியிலோ, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையிலோ, குடியாத்தத்தில் பீடி சுற்றுபவர்களிடையிலோ கூலித் தகராறு எழும்போது அதில் இரண்டு தரப்பு மட்டுமே இருப்பதாகத் தோன்றும். சட்டத்தின் கணக்கில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, அது அரசு. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டப்படி, சம்பள உயர்வு, போனஸ், பணிச்சுமை போன்ற கூட்டுக் கோரிக்கைகளைச் சங்கம் நேராக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. சமரசம் முறிந்த பிறகு அந்தத் தகராறைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தொழில் தீர்ப்பாயத்துக்கோ அனுப்புவதா, வேண்டாமா என்று அரசு தீர்மானிக்கும். சங்கத்துக்காரர்கள் இதைச் சுருக்கமாக ‘ரெஃபரன்ஸ்’ என்பார்கள். ரெஃபரன்ஸ் கிடைக்காமல் கோப்பிலேயே முடிந்துபோன கோரிக்கைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, இந்த வாசலைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. ஆனாலும் பழைய சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட மறுப்பாணைகள் இன்னும் பலருடைய கையில் இருக்கின்றன. புதிய சட்டத்திலும் அரசின் விருப்புரிமை முழுவதுமாகப் போய்விடவில்லை. அது வேறு இடங்களில் இருக்கிறது. எனவே பழைய முறையை முதலில் விளக்கி, மாறியவற்றை அதனதன் இடத்தில் சொல்கிறேன். இந்தப் பொருளில் உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விதி ஒன்றே. தகராறு இருக்கிறதா, அது விசாரணைக்குத் தகுந்ததா என்று அரசு பார்க்கலாம். அதில் யார் பக்கம் நியாயம் என்று அரசே தீர்த்துவிடக் கூடாது. அரசு இந்தக் கோட்டைத் தாண்டியதா என்பது அரசின் எழுத்திலிருந்துதான் தெரியவரும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தைக் கேட்டு வாங்குவதே தொழிலாளர் தரப்பின் முதல் வேலை.

எந்த அரசு, எந்த அலுவலகம்

மனுவைத் தவறான வாசலில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாக நடப்பதுதான். தனியார் தோல் பதனிடும் ஆலை, காலணித் தொழிற்சாலை, பீடி நிறுவனம், தனியார் மருத்துவமனை ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு அரசே உரிய அரசாகும். ரயில்வே, வங்கி, ஆயுள் காப்பீடு, ராணிப்பேட்டை பெல் போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு மத்திய அரசு உரிய அரசு. வங்கி தனியாருடையதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. வேலூரில் ஒரு தனியார் வங்கிக் கிளையின் எழுத்தர் தம் தகராறை மத்தியத் தொழிலாளர் ஆணையரகத்தின் சமரச அலுவலரிடம்தான் எழுப்ப வேண்டும்.

மாநிலத் துறைக்குள்ளேயே தொழிலாளர் உதவி ஆணையர்கள் மூன்று வகை. அமலாக்கப் பிரிவில் இருப்பவர் குறைந்தபட்சக் கூலி, எடை அளவு போன்றவற்றின் ஆய்வைப் பார்ப்பவர். சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் இருப்பவர் நலவாரியப் பதிவுகளைக் கவனிப்பவர். தொழிற்தகராறுக்கு உரியவர் சமரசப் பிரிவின் உதவி ஆணையர் மட்டுமே. மனுவின் முகவரியில் ‘தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்)’ என்று முழுமையாக எழுதாவிட்டால், அது பக்கத்து அறைக்குப் போய் அங்கேயே தங்கிவிடக் கூடும். மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்திருப்பதால், ஆலை இருக்கும் ஊர் எந்தச் சமரச அலுவலரின் எல்லைக்குள் வருகிறது என்பதை மனுக் கொடுப்பதற்கு முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தனியாள் வழக்கா, கூட்டுக் கோரிக்கையா

ஒருவரை வேலைநீக்கம் செய்த வழக்கில் அரசின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1988-இல் தமிழ்நாடு செய்த திருத்தத்தின்படி, சமரசம் முறிந்ததும் பாதிக்கப்பட்ட தொழிலாளியே தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். நாடு முழுவதற்கும் இந்த உரிமை 2010-இல்தான் வந்தது. சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் கழிந்தால் நேரே போகலாம் என்றும், வேலைநீக்கத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் வகுத்தது. புதிய தொகுப்பில் இந்த மூன்று ஆண்டு இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. இவ்வகை வழக்கில் ‘அரசு ரெஃபரன்ஸ் தரவில்லை’ என்று யாராவது காத்திருந்தால், அந்தக் காத்திருப்பு வீண்.

கூட்டுக் கோரிக்கை அப்படியல்ல. அதைச் சங்கமோ, ஆலையின் தொழிலாளர்களில் கணிசமானவர்களோ எழுப்பியிருக்க வேண்டும். அதற்குச் சான்றாகச் சங்கத்தின் செயற்குழுத் தீர்மானத்தையும், சங்கம் இல்லாத இடத்தில் கையெழுத்துப் பட்டியலையும் மனுவுடன் இணையுங்கள். கோரிக்கையை முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் வைத்து, பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ சமரச அலுவலரிடம் போவது பாதுகாப்பான வழி. நிர்வாகத்திடம் வைக்காத கோரிக்கை தகராறே ஆகாது என்ற வாதத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இன்றும் எடுக்கிறார்கள். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை ஒன்று இருந்தால் அந்த வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

கோரிக்கையை எழுதும் விதம்

அரசின் விருப்புரிமை அனுப்புவதிலும் மறுப்பதிலும் மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அனுப்பும்போது எந்தச் சொற்களில் அனுப்புகிறது என்பதிலும் அது இருக்கிறது. பல வழக்குகளில் இதுவே முடிவை நிர்ணயிக்கிறது. தீர்ப்பாயம் தன்னிடம் அனுப்பப்பட்ட கேள்வியையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டுமே விசாரிக்க முடியும். ஒரு தோல் ஆலையின் கதவு ஒரு திங்கட்கிழமை காலை திறக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் அதை ‘ஆலை மூடல்’, அதாவது தொழிலையே நிரந்தரமாக நிறுத்துவது என்கிறது; தொழிலாளர்கள் ‘கதவடைப்பு’, அதாவது தங்களை நெருக்கத் தற்காலிகமாகப் பூட்டுவது என்கிறார்கள். அரசு ‘ஆலை மூடல் நியாயமானதா’ என்று கேட்டு அனுப்பினால், ஆலை மூடப்பட்டது என்பது ஏற்கனவே ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும்; ‘அது மூடலே அல்ல, கதவடைப்பு’ என்ற வாதத்தைத் தீர்ப்பாயத்தில் எழுப்ப முடியாமல் போகலாம். 1979-இல் பாட்டரி மஸ்தூர் பஞ்சாயத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: மூடல் சரியா என்று கேட்டு அனுப்பிய பிறகு, மூடல் நடந்ததா என்ற கேள்விக்குள் தீர்ப்பாயம் போக முடியாது.

ஆகவே கேள்வி எந்த வடிவில் அனுப்பப்பட வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

‘நிர்வாகம் குறிப்பிட்ட தேதி முதல் ஆலையில் வேலை தராமல் இருப்பது கதவடைப்பா, மூடலா, கதவடைப்பு எனில் அது நியாயமானதா, இணைப்பில் கண்ட தொழிலாளர்களுக்கு உரிய நிவாரணம் என்ன என்ற கேள்விகளைத் தீர்ப்புக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். கேள்வியின் வாசகம் இதிலிருந்து மாறுபடுமானால், அனுப்பும் முன் எங்கள் கருத்தைக் கேட்குமாறும் வேண்டுகிறோம்.’

கடைசி வாக்கியத்தை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. ஆனால் அது கோப்பில் இருப்பதால், பின்னர் வாசகத்தைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுக்கும்போது புதிதாக ஒன்றைக் கிளப்புவதாக யாரும் சொல்ல முடியாது.

இணைப்பில் பெயர்ப் பட்டியல், வேலையில் சேர்ந்த ஆண்டு, வேலைப் பிரிவு, கடைசியாக வாங்கிய கூலி ஆகியவை இருக்க வேண்டும். தோல், காலணித் தொழிலில் காண்ட்ராக்ட் பெயரில் வேலை செய்பவர்களின் பெயர் ஆலைப் பதிவேட்டில் இருக்காது. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்புநிதிப் பதிவு, வாயிற்காவலர் தந்த டோக்கன், ஷிப்ட் மாற்றத்தைச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப் பிரதி என எது கிடைத்தாலும் சான்றுதான். வீட்டில் பீடி சுற்றுபவர்களிடம் இலையும் தூளும் கொடுத்த கணக்குப் புத்தகம் இருக்கும். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள்.

சமரச மேசையில்

இந்த மேசையில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. சங்கப் பொறுப்பாளர்களே பேச வேண்டும். பழைய சட்டம் சமரச அலுவலர் அறிக்கை தருவதற்கு 14 நாளைக் கெடுவாக வைத்தது; நடைமுறையில் அந்தக் கெடுவை யாரும் மதித்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நிர்வாகம் வராமல் இழுத்தடித்தால், ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சமரச அலுவலருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் பழைய சட்டத்தின் 11(4) பிரிவின்படி உண்டு என்பதை மனுவிலேயே சுட்டிக்காட்டி, அதைப் பயன்படுத்துமாறு கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே அடுத்த தேதி தருவார்கள். எழுத்தில் கேட்டால் அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டியிருக்கும்.

சமரசம் நடக்கும் காலத்தில், தகராறோடு தொடர்புடைய பணி நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகத்துக்குப் பழைய சட்டத்தின் 33-ஆம் பிரிவு தடை விதித்திருக்கிறது. எனவே சமரசம் தொடங்கிய தேதியை அலுவலரின் நோட்டீஸ் மூலம் நிலைநாட்டி வையுங்கள்.

முறிவு அறிக்கைதான் இந்த மேசையின் மிகப் பெரிய ஆவணம். இரு தரப்பு வாதங்களும், அலுவலர் எடுத்த முயற்சிகளும், சமரசம் கூடாததற்கான காரணமும் அதில் இருக்க வேண்டும். அரசுச் செயலகத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர் ஆலையையும் பார்த்ததில்லை, தொழிலாளியையும் பார்த்ததில்லை. இந்தத் தாள்களை மட்டுமே பார்க்கிறார். கடைசிக் கூட்டத்தன்று சங்கத்தின் வாதங்களைச் சுருக்கி இரண்டு பக்கத்தில் எழுதி, ‘அறிக்கையுடன் இணைக்க வேண்டும்’ என்ற குறிப்போடு கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையின் நகல் தரப்படாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அறிக்கையை மட்டும் கேட்காமல், அது சென்ற பிறகு கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

அரசு எதைப் பார்க்கலாம், எதைத் தீர்க்கக் கூடாது

இந்தக் கோடு ஒரே நாளில் போடப்பட்டதல்ல. சென்னை நகரச் சினிமாக் கொட்டகை ஊழியர்களின் தகராறைச் சென்னை அரசு தீர்ப்பாயத்துக்கு அனுப்பியதை எதிர்த்து வந்த சி.பி.சாரதி வழக்கில், 1952 இறுதியில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு விரிவான இடம் கொடுத்தது. அனுப்புவது நிர்வாகச் செயல். தகராறு இருக்கிறதா என்பது அரசு தானே எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கான சான்று போதுமா என்று நீதிமன்றம் அளந்து பார்க்காது என்றது. அந்த வழக்கில் அரசு தகராறை அனுப்பியிருந்ததால், அந்தத் தீர்ப்பு தொழிலாளருக்குச் சாதகமாகவே முடிந்தது. அதே விருப்புரிமை மறுப்பதற்குப் பயன்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

1960-இல் கே.பி.கிருஷ்ணன் வழக்கு வந்தது. பம்பாய் டயர் கம்பெனி ஒன்றின் தொழிலாளர்கள் 1952-53ஆம் ஆண்டுக்கான போனஸ் கேட்டார்கள். அந்த ஆண்டில் அவர்கள் வேலையை மெதுவாகச் செய்தார்கள் என்பதைக் காரணம் காட்டி அரசு ரெஃபரன்ஸ் தர மறுத்தது. சட்டத்தின் 12(5) பிரிவு, அனுப்ப மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து தரப்பினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் காரணம் தகராறோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றும், போனஸ் கோரிக்கையைத் தண்டனைக் கருவியாக்குவது தொடர்பில்லாத காரணம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறி, மீண்டும் பரிசீலிக்க உத்தரவிட்டதை உறுதி செய்தது. என் கருத்தில், அரசின் மறுப்பாணை ஒன்றை வாசிக்க வேண்டிய எந்தச் சங்கச் செயலாளரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இதுதான். வேலைநிறுத்தம் செய்தார்கள், முழக்கமிட்டார்கள், அதிகாரியை மதிக்கவில்லை என்பன போன்ற வரிகள் மறுப்பாணையில் இருந்தால், அவை கோரிக்கையின் தகுதியோடு தொடர்புடையவையா என்று கேட்க வேண்டும்.

அதன்பின் வந்த பம்பாய்ப் பத்திரிகையாளர் சங்க வழக்கு அரசுக்குச் சிறிது இடம் கொடுத்தது. கோரிக்கை மேலோட்டமாகப் பார்த்தாலே வெறும் விதண்டாவாதம் எனத் தெரிந்தாலோ, மிகவும் காலங்கடந்ததாக இருந்தாலோ அரசு மறுக்கலாம். ஆனால் விவாதத்துக்குரிய சட்டக் கேள்வியையும் உண்மைக் கேள்வியையும் அரசு தீர்க்கக் கூடாது. 1985-இல் வந்த இரண்டு தீர்ப்புகள் இதைக் கூர்மையாக்கின. ராம் அவதார் சர்மா வழக்கில், உள் விசாரணையில் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்ற காரணத்தால் மறுத்தது செல்லாது என்றார்கள். தண்டனை கூடுதலா என்று பார்க்கும் அதிகாரம் 11ஏ பிரிவின்படி தீர்ப்பாயத்துக்கு உரியது. மத்தியப் பிரதேசப் பாசன ஊழியர் வழக்கில், பஞ்சப்படியைத் தாங்க நிதி இல்லை என்று அரசு மறுத்தது. தாங்க முடியுமா என்பதே தீர்ப்பாயம் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லித் தகராறை அனுப்ப உத்தரவிட்டார்கள்.

இந்த வட்டாரத்துக்கு மிக நெருங்கிய தீர்ப்பு 1989-இல் வந்த டெல்கோ (டாடாவின் வாகன நிறுவனம்) வண்டி ஓட்டுநர் வழக்கு. ‘இவர்கள் கம்பெனியின் தொழிலாளர்களே அல்லர்’ என்று அரசே முடிவு செய்து மறுத்தது. அந்தக் கேள்வியே தகராறு என்பதால் அதை அரசு தீர்க்க முடியாது என்று கூறி, தகராறை அனுப்ப உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காண்ட்ராக்டர் மூலம் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பெண்ணுக்கும், ஏஜென்ட் மூலம் பீடி சுற்றுபவருக்கும் வருகிற மறுப்பாணையில் பெரும்பாலும் இந்த வரிதான் இருக்கும்: ‘மனுதாரர்களுக்கும் நிறுவனத்துக்கும் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை.’ அதைப் பார்த்ததும் டெல்கோ தீர்ப்பை மேற்கோள் காட்டுங்கள்.

வேலூரே இந்த வரலாற்றில் இடம்பெற்ற வழக்கு ஒன்றும் உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஊழியர் தகராறுகளை மாநில அரசு அனுப்பியபோது, சிறுபான்மை நிறுவனத்தின் நிர்வாக உரிமையில் அது தலையிடுகிறது என்ற வாதம் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று, அனுப்புதல், சமரசம் உட்பட்ட சில பிரிவுகள் பொருந்தா என்றது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, 9ஏ, 10, 11ஏ, 12, 33 ஆகிய பிரிவுகள் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த இந்த ஊரில், ஓட்டுநர்களும் துப்புரவுப் பணியாளர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

தாமதம் மட்டும் தொழிலாளர் தரப்பைப் பெரும்பாலும் வீழ்த்துகிறது. நெடுங்காடி வங்கி வழக்கில், ஏழு ஆண்டு கழித்து எழுப்பிய தகராறை அரசு அனுப்பியதே தவறு என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் நினைவூட்டல் கடிதங்கள் இருந்தால் நிலைமை வேறாகலாம். ஆண்டுக்கு ஒரு கடிதமாவது அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

மறுப்பாணை கையில் கிடைத்ததும்

முதலில் அதில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘தகுதியில்லாததால் நிராகரிக்கப்படுகிறது’ என்பது முடிவு, அது காரணமாகாது. காரணம் இல்லையென்றால், 12(5) பிரிவைக் குறிப்பிட்டு, பதிவு செய்த காரணங்களின் நகலைக் கேட்டுத் தொழிலாளர் நலத்துறைச் செயலாளருக்கு எழுதுங்கள்.

காரணம் இருந்தால், ஒவ்வொரு வரியின் எதிரிலும் மூன்று கேள்விகளை எழுதிப் பாருங்கள். இது தகராறு இருக்கிறதா என்பதைப் பற்றியதா, அல்லது அதில் யார் சொல்வது சரி என்பதைப் பற்றியதா? இது கோரிக்கையோடு தொடர்புடையதா, தொழிலாளரின் நடத்தை பற்றியதா? இந்த வரிக்கு ஆதாரமான தாள் கோப்பில் இருக்கிறதா, நிர்வாகத்தின் வாய்மொழி மட்டுமா? இப்படி எழுதிப் பார்த்தால் பெரும்பாலான மறுப்பாணைகளில் இரண்டு வரிகளாவது கோட்டுக்கு வெளியே விழுந்துவிடும். சில ஆணைகள் எந்தக் குறையும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவது காசையும் காலத்தையும் கரைக்கும்.

அடுத்து, உயர் நீதிமன்றத்துக்கு முன்பாக அரசிடமே மறுபரிசீலனை கேட்கலாம். ஒருமுறை மறுத்ததால் அனுப்பும் அதிகாரம் தீர்ந்துபோவதில்லை என்று ஏவான் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தகராறு உயிரோடு இருக்கும்வரை அரசு மனம் மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் புதுச் சான்று கட்டாயமில்லை. மறுபரிசீலனை மனுவில் கோபத்துக்கு இடம் தராதீர்கள். மறுப்பாணையின் காரணங்களை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலும் பொருந்தும் தீர்ப்பும் எழுதினால் மூன்று பக்கம் போதும். அரசியல்வாதி ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேர்க்காதீர்கள் என்பதே என் பதில். நியாயமாக நடக்க வேண்டிய அதிகாரத்தை வெளியாரின் வற்புறுத்தலால் பயன்படுத்தினார்கள் என்று நிர்வாகம் நாளை வழக்குப் போட, அந்தக் கடிதமே சான்றாகும்.

பதில் இல்லையென்றாலும் மறுபடி மறுத்தாலும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குச் சென்னையில் உள்ள உயர் நீதிமன்ற முதன்மை அமர்வே உரியது. அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனுத் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலும் நீதிமன்றம் மறுப்பாணையை ரத்து செய்து, குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபரிசீலனை செய்யச் சொல்லும். நேரடியாக அனுப்பச் சொல்வது டெல்கோ போன்ற தெளிவான வழக்குகளில்தான். எனவே மனுவில் இரண்டு வேண்டுதலையும் மாற்றாக எழுதச் சொல்லுங்கள். செலவைப் பற்றிய பயம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியானவர்களின் பட்டியலில் பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளியும் தனித்தனியாக இடம்பெற்றிருக்கிறார்கள். வேலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். உயர் நீதிமன்ற வழக்குக்கு உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது.

புதிய சட்டத் தொகுப்பில் மாறியது

புதிய தொகுப்பில், சமரசம் முறிந்த பிறகு அரசின் அனுமதி தேவையில்லை. சமரச அலுவலரின் அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள், சம்பந்தப்பட்ட எந்தத் தரப்பும் நேரே தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். சமரசத்தை நடத்தும் பொறுப்பும் அலுவலரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. தகராறு இருந்தால் நடத்தியே ஆக வேண்டும் என்று 53-ஆம் பிரிவு சொல்கிறது. அறிக்கைக்கு 45 நாள், வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்த தகராறுக்கு 14 நாள் கெடு.

பதிலுக்கு ஒரு கடுமையான கெடுவும் வந்திருக்கிறது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கழிந்தால் சமரச நடவடிக்கை நடத்த முடியாது. பழைய சட்டத்தில் கூட்டுக் கோரிக்கைக்கு இப்படி எழுதப்பட்ட கால எல்லை இருந்ததில்லை. ஆகவே முன்னர் அரசின் மேசையில் இருந்த தீர்மானமான இடம் இப்போது சமரச அலுவலரின் மேசைக்கு வந்துவிட்டது. அவர் ‘தகராறே இல்லை’ என்று மனுவைத் திருப்பினாலோ, அறிக்கை எழுதாமல் தேதிகளைத் தள்ளினாலோ, 90 நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. இரண்டு ஆண்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். 45 நாள் முடிந்த மறுநாளே அறிக்கை கேட்டு எழுத்தில் நினைவூட்டுங்கள்; அதற்கும் பதில் வராவிட்டால், அறிக்கை தர உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ‘யார் சரி’ என்பதை அலுவலரும் தீர்க்கக் கூடாது என்று வாதிட மேலே சொன்ன தீர்ப்புகளின் தர்க்கமே உதவும் என்பது என் எண்ணம்.

உங்கள் தகராறு நவம்பர் 2025-க்கு முன்பே தொடங்கியதாக இருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் கோப்பு நடக்கிறது என்பதைச் சமரச அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டு, அதன் பிறகே அடுத்த அடியை வையுங்கள்.

ஆட்குறைப்பு, மூடல் அனுமதி

அரசின் விருப்புரிமை இன்று மிகப் பெரிதாக நிற்கும் இடம் இது. பழைய சட்டத்தில் 100 தொழிலாளர்களுக்குக் குறையாத ஆலைகள் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. வட்டாரத்தின் பெரிய காலணி ஆலைகள் இதற்குள் வரும். சிறு தோல் ஆலைகள் பல வெளியே போய்விட்டன. பருவகால ஆலைகளுக்கு இது பொருந்தாது.

ரெஃபரன்ஸ் நிர்வாகச் செயல் என்றால், இந்த அனுமதி வேறு இனம். 1992-இல் மதுரை மீனாட்சி மில் வழக்கில், ஆட்குறைப்பு அனுமதி தரும் அதிகாரம் நீதிமன்றத் தன்மை கொண்டது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறியது. இரு தரப்பையும் கேட்க வேண்டும், நிர்வாகம் சொல்லும் காரணம் உண்மையானதா, போதுமானதா என்று விசாரிக்க வேண்டும், காரணங்களோடு ஆணை எழுத வேண்டும். எனவே தகராறை அனுப்பும் கட்டத்தில் கேட்க முடியாத ஒன்றை, அதாவது நேரில் வாதாடும் உரிமையை, இங்கே கேட்க முடியும்.

நிர்வாகம் விண்ணப்பிக்கும்போது அதன் நகலைத் தொழிலாளர்களுக்கும் தர வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அரசு முடிவைத் தெரிவிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். இந்த 60 நாளில் பாதி, நகல் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடுகிறது. ஆலைக்குள் ஆர்டர் குறைந்துவிட்டது, இயந்திரம் இடம் மாறுகிறது என்ற பேச்சு எழுந்த வாரத்திலேயே, ‘அனுமதி கோரும் விண்ணப்பம் ஏதேனும் வந்தால் எங்களைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்’ என்று சங்கத்தின் பெயரில் துறைச் செயலாளருக்கும் தொழிலாளர் ஆணையருக்கும் பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள். விண்ணப்ப நகல் வந்ததும், ஏற்றுமதி ஆர்டர், கடந்த ஆண்டுகளின் ஓவர்டைம் பதிவு, அண்மையில் காண்ட்ராக்டில் எடுத்த ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டி, முதல் இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபம் தாக்கல் செய்து, நேரடி விசாரணைக்கு நாள் குறிக்குமாறு அதே கடிதத்தில் கேளுங்கள்.